பாதி ரோடு

ஆகஸ்ட் 4

பெயின்ட் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை பிரஷ் துடைக்கத்தான் இதன் தாள்கள் பயன்பட்டன. இன்றிலிருந்து எழுதப்போகிறேன். எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும். வாடிக்கையாளர்களிடம் கத்தினால் கடை நடக்காது. வசந்தாமணியிடம் கத்தினால் வீடு நடக்காது.

அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று கூட்டி வந்தேன். எங்கள் ஹார்டுவேர் கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம். அவளுடைய தையல் கடை நேர் எதிரே, அந்தப் பக்கம். போன மாதம் ஒரு சாயங்காலம் அவள் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, பைக்கில் வந்த ஒருவன் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டான். இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நான் அப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

வீடு மாடியில். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் கோடவுனைக் காலிசெய்து, ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். படுத்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"ஏனுங்க, புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூட்டியாந்தாப்பல இருக்குது. ஒரே பெயின்ட் வாசம்."

இந்த நிலைமையிலும் வாய் குறையவில்லை. அதுவே எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 7

ரசம் வைத்தேன். கட்டிலில் இருந்தபடியே அவள் சொல்லச் சொல்லச் செய்தது. "பொங்கறதுக்குள்ள எறக்குங்க" என்றாள். அதற்குள் ஒருவர் கதவுக் கீல் கேட்டு வந்துவிட்டார். பொங்கிவிட்டது.

சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "பொரட்டாசியில ஆயுத பூசை வருதுங்க. அதுக்குள்ள நான் கடைக்குப் போயி மிஷினுக்குப் பொட்டு வெக்கோணும். பொறவு தீவாளி. ஊர்ப்பட்ட ஜாக்கெட் வெட்டிப் போட்டது அப்பிடியே கெடக்குது."

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியும்.

அவள் கேட்ட கத்தரிக்கோலை எடுத்து வர அவளுடைய கடைக்குப் போனேன். வெயில் அதிகம் என்பதால் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்ட் ரவுண்டானா வரை போய்ச் சுற்றிப் போனேன்.

இந்த ரோட்டை அகலப்படுத்தியபோது வேப்பமரங்களை வெட்டினார்கள். வியாபாரம் பெருகும் என்று கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பட்டாசு வெடித்தோம். வியாபாரம் பெருகவில்லை. வேகம்தான் பெருகியது. இரண்டு தனியார் பஸ்கள் டைமிங்குக்காக ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும்போது என் கடையில் தொங்கும் சங்கிலிகள் ஆடுகின்றன.

ஆகஸ்ட் 12

அந்த பைக் ஆசாமியைப் பிடித்தார்களா என்று கேட்க போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அவசரத்தில் எதிர்த் திசையில் கொஞ்ச தூரம்தான் போனேன். அதற்குள் எஸ்.ஐ. சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எங்கீங்க இப்பிடி ராங் சைடுல?"

"உங்களப் பாக்கத்தானுங்க. ரோட்டுல ஒருத்தனும் ஒழுங்கா ஓட்டறதில்லைன்னு சொல்றதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. அபராதம் போட்டுவிட்டுத்தான் பேசினார். கேமராவில் பைக் தெரிகிறதாம், நம்பர் தெரியவில்லையாம்.

வீட்டுக்கு வந்து கொதித்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஓடும் ஒவ்வொரு பைக்கின் முன்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று. வசந்தாமணி கேட்டாள்: "அவனப் பிடிச்சு என்னங்க பண்ணப்போறீங்க? அவன் போனா அடுத்தவன் வருவான். ரோடு அப்பிடியேதான இருக்கும்?"

இவளுக்குக் கோபமே வராதா என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஸ்பீடு பிரேக்கர் கேட்டு நகராட்சிக்கு எழுதினால் அது நெடுஞ்சாலைத் துறைக்குப் போகும். அங்கே போனால் திரும்ப நகராட்சிக்கு வரும். நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. நாமே போட்டுக்கொள்வது.

சிமெண்ட் என் கடையில் இருக்கிறது. ஜல்லியும் மணலும் பின்னால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைத்தன. மத்தியானம் கடைகள் மூடியிருந்த நேரத்தில் கொத்தனார் ஒருவரை வைத்து, அவள் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் எங்கள் பக்கப் பாதியில், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மேடு போட்டேன். பார்க்கவே திருப்தியாக இருந்தது. இனி எவன் பறக்கிறான் என்று பார்க்கிறேன்.

அவளிடம் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19

எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று டாக்டரிடம் காட்டும் நாள். ஆட்டோ வரச்சொல்லி, அவளை மெல்ல ஏற்றி, பக்கத்தில் தலையணை வைத்து உட்கார்ந்தேன். டிரைவர் வெளியூர் ஆள். மேட்டுக்கு வெள்ளைக் கோடு இல்லை, போர்டும் இல்லை. பெயின்ட் கடைக்காரன் போட்ட மேட்டுக்குப் பெயின்ட் இல்லை! ஆட்டோ தூக்கிப் போட்டதில் அவள் "ஐயோ அம்மா" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேயில் பிளேட் நகரவில்லை. கடவுள் இருக்கிறார்.

திரும்பும்போது கேட்டாள்: "எந்தப் புண்ணியவான் இதப் போட்டானோ?"

தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 20

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது. காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் மேட்டை நானே உடைத்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வந்ததும் கையைப் பிடித்துத் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள்.

"நல்ல சிமெண்ட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 28

நகராட்சி உதவிப் பொறியாளர் கடைக்கு வந்தார். பர்வீன் என்று பெயர், சின்னப் பெண். கோலமாவு மூட்டையும் கயிறும் கேட்டார். ரோட்டில் எதையோ வரைந்து பார்க்கப் போகிறார்களாம். மேட்டைப் போட்டு உடைத்த ஆசாமி நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், முழங்கால் ஒசரத்துக்கு வெச்சா வண்டி தூக்கித்தான் போடும். அகலமா, தாழ்வா, சரிவா இருக்கணும்" என்றார். "ஆனா மேடு மட்டும் போதாது. இந்த ரோடு ஏரோப்ளேன் எறங்கற மாதிரி இருக்கு. அகலமா நேரா இருந்தா நல்லவன் காலும் ஆக்ஸிலேட்டர அமுக்கும். எடத்தக் கொறச்சா தானா மெதுவாப் போவாங்க."

கோடவுனிலிருந்து வசந்தாமணி குரல் கொடுத்தாள். பர்வீன் போய்க் கட்டிலோரம் பெயின்ட் டின் மேல் உட்கார்ந்தார். நீங்கள் எங்கே கடப்பீர்கள், எங்கே நிற்பீர்கள், எந்தப் பக்க வண்டிக்குப் பயம் என்றெல்லாம் கேட்டார். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பாக்கறதுதான் கஷ்டம் கண்ணு" என்றாள் வசந்தாமணி. "நடுவுல நிக்கறதுக்கு ஒரு எடம் இருந்தாப் போதும். பாதி ரோட்டக் கடப்பேன், நின்னு மூச்சு வாங்குவேன், மறுக்கா பாதியக் கடப்பேன். எங்காலுக்கு இப்ப அவ்வளவுதான் தெம்பு."

பர்வீன் அதைக் கேட்டுக்கொண்டு டீ குடிக்காமல் எழுந்துவிட்டார். குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் விடவில்லை.

செப்டம்பர் 2

ரோட்டில் சோதனை தொடங்கிவிட்டது. கோலமாவில் கோடு போட்டு, இரண்டு ஓரத்திலும் மண் நிரப்பிய டிரம்களை வைத்து ரோட்டைக் குறுக்கியிருக்கிறார்கள். நடுவில் மணல் மூட்டைகளால் ஒரு திட்டு. திட்டுக்கு இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கு அகலமான, தாழ்வான மேடு. அதன் மேல் பட்டை பட்டையாக வெள்ளை.

நல்லதுதான். ஆனால் ஓரத்து டிரம் சரியாக என் கடை வாசலில் நிற்கிறது. கம்பி இறக்க வந்த மினி லாரி நிற்க இடமில்லாமல் போய்விட்டது. ஊரைத் திருத்தக் கிளம்பினால் முதலில் நம் வாசலைத்தான் தோண்டுவார்கள் போல.

வசந்தாமணி ஜன்னலில் இருந்து வேடிக்கை பார்த்தாள். இரண்டு பஸ்களில் ஒன்று பழைய வேகத்தில் வந்து மேட்டில் ஏறவும், உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து டிரைவரின் பாட்டன் பூட்டன் வரை விசாரித்தார்கள். சாயங்காலம் அதே பஸ் பூனை மாதிரி வந்தது.

செப்டம்பர் 5

பாத்திரக்கடை நல்லசிவம் வந்தார். எங்கள் கடைக்காரர் சங்கத்தின் தலைவர். வசந்தாமணியின் தையல் கடை இருக்கும் ரூமும் அவருடையதுதான். டிரம்களையும் திட்டையும் எடுக்கச் சொல்லி மனு கொண்டுவந்திருந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கண்ணாடியைக் காணோம், அப்புறம் போடுகிறேன் என்றேன். கண்ணாடி என் நெற்றியில் இருந்தது.

போகும்போது மெல்லக் கேட்டார்: "அம்மிணி இனி ரோட்டுக்கு அக்கட்ட வந்து கடை தொறக்குமுங்களா? செல்போன் கடைக்கு ஒருத்தர் ரூம் கேக்கறாரு."

அவளால் இனி எங்கே வர முடியும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மிஷினை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டால் நிழலில் உட்கார்ந்து தைக்கலாம். காபி டீக்கும் வசதி. யோசித்துப் பார்த்தால் அதுதான் அவளுக்கு நல்லது.

செப்டம்பர் 10

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிவிட்டாள். கடை வாசல் வரை வந்து நின்று ரோட்டையே பார்த்தாள். காற்று ஒத்துக்கொள்ளாது என்று உள்ளே கூட்டி வந்தேன்.

செப்டம்பர் 13

செல்போன் கடைக்காரர் வந்து அவளிடமே சாவி கேட்டுவிட்டார். நான் பேங்குக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"கால் ஒடஞ்சது எனக்குங்க. கடையச் சாத்தறது நீங்களா?" என்றாள்.

உன் நல்லதுக்குத்தான் என்றேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த ரூமில் அவள் ஒரு மிஷினோடு தொடங்கியபோது எங்கள் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். என் கடை படுத்துவிட்ட சமயம் அவளுடைய ஊசிதான் சோறு போட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

செப்டம்பர் 14

உப்புமா. பேசவில்லை.

செப்டம்பர் 15

பேசவில்லை. என் சட்டையில் பட்டன் போயிருந்தது. கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தால் தைத்திருக்கிறது. ஆனால் பேசவில்லை.

செப்டம்பர் 16

நல்லசிவத்தின் பாத்திரக்கடையும் எதிர்ப்புறம்தான். ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டு போனேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ரூம் அவளுக்கு வேண்டும் என்றேன். அவர் ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கென்னங்க, தாராளமா. நீங்க இந்த மனுவுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டால் ரூம் கிடைக்கும்; திட்டும் மேடும் போய்விடும். போடாவிட்டால் ரோடு கிடைக்கும். போய்ச் சேர ரூம் இருக்காது. பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். இப்படிச் சொன்னது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

நடந்ததை அப்படியே அவளிடம் சொன்னேன். தலையணையை நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்தாள். நல்லசிவத்தின் சம்சாரத்துக்குத்தான்.

"சரோஜினியக்கா, சௌக்கியமுங்களா? ஒண்ணுமில்லீங்க, உங்க புள்ள கல்யாணத்துக்குக் குடுத்த பட்டு ஜாக்கெட் துணியெல்லாம் வெட்டி அந்த ரூம்லதான் இருக்குது. அளவு எம்பட கண்ணுலதான் இருக்குது, வேற யாருக்கும் தெரியாது. ரூம் போகுதுன்னு அண்ணன் சொல்றாருங்களாமா. துணிய அப்பிடியே எடுத்துக்கறீங்களா? அப்பறமுங்க, அந்த டிரம்ம எடுத்துட்டாங்கன்னா எனக்கு ரோட்டத் தாண்டி வரவும் முடியாதுங்க. ஆமாங். நீங்க அண்ணங்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாமுங்க, பாவம்."

போனை வைத்துவிட்டு, "ரசத்துக்குப் புளி ஊற வெச்சீங்களா?" என்று என்னைக் கேட்டாள். பேசிவிட்டாள்!

செப்டம்பர் 18

நல்லசிவமே நேரில் வந்தார். முகம் பித்தளைப் பாத்திரம் கறுத்த மாதிரி இருந்தது. வீட்டில் இரண்டு நாளாகச் சோறு ஒழுங்காக இல்லையாம். ரூம் அம்மிணிக்குத்தான் என்றார். மனுவை மாற்றி எழுதலாம், டிரம்கள் இருக்கட்டும், சரக்கு இறக்கக் காலையில் மட்டும் கொஞ்சம் இடம் கேட்போம் என்றார். கண்ணாடி உடனே கிடைத்துவிட்டது. முதல் கையெழுத்து நான் போட்டேன்.

பர்வீன் ஒப்புக்கொண்டார். மணல் மூட்டைக்குப் பதில் கல் கட்டி, மேலே சாய்ந்து நிற்க ஒரு கம்பியும் வைக்கப்போகிறார்கள்.

செப்டம்பர் 24

திட்டு கட்டி முடிந்தது. எஸ்.ஐ. பஸ் முதலாளிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். கேட்காத டிரைவரின் லைசென்ஸைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க எங்கள் வாசலில் நின்று பாட்டிகளைக் கை பிடித்துக் கடத்திவிடச் சொன்னார். அந்த டிரைவர் மத்தியானம் வசந்தாமணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"பஸ்ல ஒக்காந்தா இந்த ரோடு ஒண்ணுமே தெரியலீங்கக்கா. எறங்கி நின்னாத்தான் தெரியுது" என்றார்.

வேகத்தைப் பிடிக்கும் கேமராவும் புதிதாக வைத்திருக்கிறார்கள். வேகம் குறைந்திருப்பது உண்மைதான். இருந்தாலும் நான் அவசரப்படமாட்டேன். இன்னும் ஒரு மாதம் போகட்டும், கால் நன்றாகக் கூடட்டும் என்று அவளிடம் சொன்னேன். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டாரே என்றாள். டாக்டருக்கு இந்த ரோட்டைப் பற்றி என்ன தெரியும் என்றேன்.

செப்டம்பர் 30

அவள் மாம்பழக் கலர் புடவையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். ஒரு இடத்தில் சுட்டுவிட்டது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

காலையில் நம் கடைப் பூஜை முடிந்தது. தராசு, பெயின்ட் கலக்கும் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.

சாயங்காலம் அவள் தடியோடு வாசலுக்கு வந்தாள். சுட்ட இடம் தெரியாமல் புடவையை மடித்துக் கட்டியிருந்தாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டுச் சந்தனம், குங்குமம், பொரிகடலைத் தட்டோடு நின்றேன். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்தேன்.

"கைய விடுங்க" என்றாள். "ஒரு கையில தடி, ஒரு கையில நீங்க. வர்ற வண்டிக்கு எதக் காட்டறது?"

விட்டேன். அவள் இறங்கினாள். பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டினாள். மேட்டுக்கு முன்னால் அது நின்றேவிட்டது. மெல்ல, மிக மெல்லப் போய்த் திட்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கினாள். அந்தப் பாதியில் வரும் வண்டிகளை மட்டும் பார்த்தாள். இறங்கினாள். அவளுடைய கடைப்படியில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் இங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

போன் அடித்தது.

"ஏனுங்க, தட்டு உங்க கையில இருக்குது."

"கடையில ஆளில்ல புள்ள."

"ஷட்டர எறக்கிட்டீங்களே."

"சரி, வண்டியில சுத்தி வந்தர்றேன்."

பிறகு அவளுடைய குரல் மிகவும் தணிந்து வந்தது.

"நான் ஆசுபத்திரியில இருந்து வந்ததுல இருந்து நீங்க இந்த ரோட்ட ஒரு தடவகூட நடந்து தாண்டல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்த ஜன்னல்ல நான் வேறென்னத்தப் பாத்துட்டு இருந்தேன்?"

நான் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் அடிபட்டத நான் பாக்கலீங்க. வண்டி வந்தது கூட எனக்குத் தெரியாது. கண்ணு முழிச்சா ஆசுபத்திரி. அதப் பாத்தது நீங்கதானுங்க. நீங்க மட்டுந்தான்."

அழுதேன். ரோட்டோரத்தில், ஊர் முழுக்கப் பூஜை நடக்கும் நேரத்தில், கையில் தட்டோடு அழுதேன். எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"பாதி வரைக்கும் வாங்க" என்றாள். "மீதிக்கு நான் வர்றேன்."

அவள் எழுந்து, தடியை ஊன்றித் திட்டுக்குத் திரும்ப வர ஆரம்பித்துவிட்டாள். அவளை நடுவில் தனியாக நிற்க வைக்க முடியுமா? கால் எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. வெள்ளைப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். திட்டில் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் போயின. மெதுவாகத்தான் போயின. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க காட்டுங்க" என்றாள்.

நான் கையைக் காட்டினேன். பால் வேன் ஒன்று நின்றது. நாங்கள் கடந்தோம்.

ஷட்டரைத் திறந்தபோது தூசி கொட்டியது. வெட்டிப் போட்ட ஜாக்கெட்கள் எல்லாம் அப்படியே இருந்தன. மிஷினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கத்தரிக்கோலுக்கு வைத்தாள், அளவு டேப்புக்கு வைத்தாள். விரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. என் நெற்றியில் வைத்துவிட்டு, "இதும் நல்லா ஓடோணும் சாமி" என்று கும்பிட்டாள்.